சைவ வீட்டில் சேவல் இறகு

பதினோரு மாதமாக இந்த வீட்டில் ஒரு முட்டைகூட உடையவில்லை. கடைசியில் வெறும் இறகுக்காகவா காலி செய்ய வேண்டும்?

உஷா இப்படி நினைத்து நிற்க, வீட்டுக்கார லட்சுமம்மா வாசலில் ஒரு சேவல் இறகைச் செத்த எலியைப்போல நுனிவிரலில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது? உன் குப்பைக்கூடையிலிருந்து என் துளசிமேல வந்து வுழுது. வெஜிடேரியன்னு சொல்லித்தானே வீடு கேட்டே?"

சொன்னாள்தான். திருப்பத்தூரில் ஞாயிறு தவறாமல் கறி தின்று வளர்ந்தவள், ஜீவனஹள்ளியில் இந்த வாடகைக்கு வேறு வீடு அமையாததால் சொன்ன பொய். சொன்ன பாவத்துக்கு அதை உண்மையாக்கியும் காட்டிவந்தாள்.

"சமைக்க இல்லம்மா. முள்ளுல கட்டறதுக்கு."

"கோழி எறகை முள்ளுலயா?" லட்சுமம்மா ஓரடி பின்வாங்கினார். "மாட்ட மந்திரமா, செய்வினையா? யாருக்கு வெக்கறே? எனக்கா?"

"ஐயோ, இல்லம்மா! உள்ள வந்து பாருங்க."

மேசைமேல் ஒரு சின்னப் பிடிகருவி. அதன் வாயில் தூண்டில்முள். அவள் கணவன் அர்ஜுனனின் மேனேஜருக்கு மீன்பிடிப் பைத்தியம். அவரைக் குளிர்விக்க, மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சியை இறகால் கட்டித் தருகிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டு, முதல் நாளே தன் விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். பிறகு உஷா உட்கார்ந்தாள். புத்தகப் படத்தில் அந்தப் பூச்சி பறக்கத் தயாராக இருந்தது. அவள் கட்டியது மழையில் நனைந்த துடைப்பம்போல் இருந்தது. இருந்தும் விட மனம் வரவில்லை. தன் பொய்களிலேயே, கையில் எடுத்துத் திருத்த முடிந்தது இது ஒன்றுதான்.

"பூச்சின்னு நெனச்சு மீன் கடிக்கும்மா."

"மீனா! என் வீட்டுல மீனா! மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு!"

"வீட்டுக்கெல்லாம் வராதும்மா. பிடிச்சதைக் காவேரியிலயே திரும்ப விட்டுடுவாங்களாம்."

லட்சுமம்மா மாடியை அண்ணாந்து பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"எல்லாத்தையுமா விடறாங்க?"

"ஆமாம்மா."

"அநியாயம்." குரல் இறங்கியது. "இந்த ரூலெல்லாம் மேல இருக்கா பாரு, என் மருமக, அவ வெச்சது. மீனைத் தொட்டு ஒம்பது வருஷம் ஆச்சு கண்ணு. ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணை விடாம கொண்டாரச் சொல்லு. உன் அடுப்புலயே வறுத்துடலாம். நீ காலி பண்ணவே வேணாம்."

உஷாவின் நாக்கில் நீர் ஊறியது. வாசனை மாடி ஏறினால் யார் அடுப்பு என்றுதான் கேட்பார்கள். யார் தின்றது என்று கேட்க மாட்டார்கள்.

எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றாள் மெதுவாக. "நாங்க சுத்த சைவம்."