மாப்பிள்ளை படத்துக்குக் கீழே ஒரு வரி

“மாப்பிள்ள படத்துக்குக் கீழ இவ்வளவு இடம் சும்மா கெடக்கு. வரி எங்க மக்கா?”

சுயம்புராஜ் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துக் கேட்டார். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் அடிக்கும் கடை அவருடையது. அங்கே டிசைன் செய்யும் ஷாஜன், அந்த இடத்தில் ஒரு பூச்செண்டுப் படத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

“பூவ எடுலே! ஆளுக பூவா பாக்க வாறான்? வரி வாசிக்கதுக்குல்லா வாறான்!”

உண்மைதான். இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வழிநெடுக பிளெக்ஸ் கட்டுவார்கள். அதில் மாப்பிள்ளையைக் கேலி செய்து காலை வாரும் வரி சரியில்லை என்றால், பாயசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல்யாணம் சப்பென்று போய்விட்டதாகத்தான் ஊர் பேசும். அந்த வரிகளுக்குப் பேர்போனவன் ஷாஜன். ‘சட்டையில் பட்டன் எங்கே என்று கேட்க இனி ஆளுண்டு, தைக்க நீதான் உண்டு’ என்று அவன் போட்ட பிளெக்ஸுக்கு முன்னால் புதுப்பெண்ணே நின்று செல்பி எடுத்தாள்.

எப்படி எழுதுகிறாய் என்று கேட்டால், “காலைல பல்லு தேய்க்கதுக்குள்ள தானா வந்துரும்” என்பான்.

இப்போது தேய்த்துத் தேய்த்து ஈறு வலித்ததுதான் மிச்சம். ஒரு வரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூதப்பாண்டியில் சிவபிரசாத்துக்குக் கல்யாணம். கூட்டாளிகள் தினமும் போன் செய்கிறார்கள். வரி இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகக் கடை போட்டிருக்கும் ஆபேலிடம் போய்விடுவோம் என்று பச்சையாகவே சொல்லிவிட்டார்கள். ஷாஜனுக்கு வேலை போகாது, பேர் போய்விடும். அவனுக்கு வேலையை விடப் பேர்தான் பெரிது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதுவதற்கு வேண்டிய அமைதி வீட்டில் இப்போதுதான் கிடைத்திருந்தது. அவன் மனைவி ஜெப்சி விடிந்தால் வாயைத் திறப்பாள், விளக்கணைத்தால்தான் மூடுவாள். அப்படிப்பட்டவள் சாம்பல் புதனிலிருந்து ஒரு வார்த்தை ஏசவில்லை. போன வருஷம் சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து கால நாற்பது நாள் நோன்புக்கு மீனை விட்டாள். இந்த வருஷம் ஏச்சை விட்டிருக்கிறாள் என்று ஷாஜன் தானாகவே முடிவு கட்டினான். கேட்கவில்லை. கேட்கப்போய் நின்றது தொடங்கிவிட்டால்? சத்தம் காட்டாமல் சபையில் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை மட்டும் போட்டுவிட்டு வந்தான்.

“இவ்வளவு சைலண்டா இருந்தும் வரல்லியே அண்ணாச்சி” என்று சுயம்புராஜிடம் புலம்பினான்.

“சைலண்டு பத்தாது. கடலப் போய்ப் பாரு. பெரிய பெரிய ஆளுக எல்லாம் அங்க போய்த்தான் யோசிக்கானுவ.”

மிடாலம் கடற்கரைக்குப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தான். கடல் அழகாக இருந்தது. வரி வருகிற மாதிரி இருந்தது. வந்தது அலை. சட்டைப்பையில் இருந்த போன் முழுக்க நனைந்து உயிரை விட்டது. வீட்டுக்கு ஓடி வந்து, அதைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தான். கடல் தண்ணீர், மணல், ஒட்டியிருந்த பாசி எல்லாமே அரிசியோடு சேர்ந்தன.

மத்தியானம் சோற்றில் ஜெப்சியின் பல்லில் மணல் கடிபட்டது. ஷாஜன் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், அவள் கையில் சோற்றோடு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தான். இப்படியும் ஒரு விசுவாசமா என்று மெய்சிலிர்த்துப்போய், தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஆபேல் கடை பிளெக்ஸ் ஒன்று புதிதாகத் தொங்கியது.

‘பெண்ணே, சோறு பொங்கும் முன் அரிசிப் பானையைக் கிளறிப் பார். அவன் போன் உள்ளே இருக்கும்.’

ஷாஜன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். என்ன ஒரு எழுத்து! எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இந்த ஆள் அடுக்களைக்குள் நின்று பார்த்த மாதிரியல்லவா எழுதுகிறான்!

“ஏ.ஐ. மெஷின்ட்ட கேளு. இப்பம் அதுதானே எல்லாம் எழுதுது” என்றார் சுயம்புராஜ்.

கேட்டான். ‘இரு மலர்கள் ஒரு மாலையாகும் இனிய திருநாளில்’ என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு வரி கொடுத்தது. சுயம்புராஜ் வாசித்துப் பார்த்தார்.

“இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பஞ்சாயத்துத் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தா போடலாம்.”

யூடியூபில் ஒருவர், கைக்கு வேறு வேலை கொடுத்தால் மூளை தானாக விழித்துக்கொள்ளும் என்றார். மறுநாள் ஷாஜன் விடியும் முன்னே அடுக்களைக்குள் போய்ப் புட்டு அவித்தான். மாவு பிசைந்ததும் தேங்காய் துருவியதும் கச்சிதம். அடியில் வைக்கும் புட்டுக்குடத்தில் தண்ணீர் ஊற்றத்தான் மறந்துபோனான். அடி கருகி, புகை படுக்கையறை வரை போயிற்று. ஜெப்சி எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

“ஜெப்சி, நான் சும்மா ஒரு ஹெல்ப்பு…”

அவள் கருகிய குடத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “இருக்கட்டும். நீங்க வெளிய போய் இருங்க” என்று கனிவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே ஆபேலின் அடுத்த பிளெக்ஸ் வந்துவிட்டது.

‘ஹெல்ப்பு பண்ண வருகிறான் என்றால், பெண்ணே, முதலில் பாத்திரத்தை எண்ணி வை.’

ரோட்டில் போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி வாசித்தார். மீன் விற்கிற பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்து, யாரையோ கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷாஜன் அவர்களுக்கு நடுவே நின்றான். பொறாமை வரும் என்று பார்த்தால், வரவில்லை. தன்னுடைய நல்ல காலத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு ஆழமாகத் தான் எழுதியதில்லை என்று நெஞ்சாரத் தோன்றியது. பிளெக்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

சிவபிரசாத்தின் கூட்டாளிகள் சொன்னபடியே ஆபேலிடம் போய்விட்டார்கள். சுயம்புராஜ் ஏசவில்லை. முதுகில் தட்டினார்.

“போகட்டும்லே. நீ போய்ப் படு.”

ஷாஜன் போய்ப் படுக்கவில்லை. நேரே ஆபேல் கடைக்கு நடந்தான். ஆபேல் சின்ன வயசுக்காரன். எதிர்க்கடை ஆள் படியேறி வருவதைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“ஆபேலு, நான் வம்புக்கு வரல்ல. உன் பிளெக்ஸுக்கு வரி எழுதுகது யாரு?”

“அது… எதுக்கு அண்ணே?”

“எனக்கு அவரப் பாக்கணும். கால்ல விழச் சொன்னாலும் விழுகேன். அவர் எங்க உக்காந்து எழுதுகாரு, எந்த நேரத்துல எழுதுகாரு, எப்பிடி அவருக்கு வத்தாம வந்துட்டே இருக்குன்னு கேக்கணும். அவரு எனக்கு வாத்தியாரு மாதிரி ஆபேலு.”

ஆபேல் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை உட்கார வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“வீட்டுல ஏசித் தீத்துட்டா எழுதுகதுக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஜெப்சி அக்கா வாய அடக்கிட்டு இருக்காவளே, அது உங்களுக்குத் தெரியாதா அண்ணே?”