ஒழுகாத விண்கப்பல்

நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூரை வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர். பூமியில் உள்ள கூரைகளைத் தவிர மற்ற எல்லாக் கூரைகளையும் அவர் கவனமாகப் பார்ப்பார். தகரண்ணன் என்றால்தான் ஆளைத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் தேநீர்க் கடை டிவியில் தமிழ் பேசும் விண்கப்பல் தொடர் ஓடும். கப்பலில் இருப்பவர்கள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். தகரண்ணன் கப்பலின் ஒட்டுகளைப் பார்ப்பார்.

"ஒரு ஆணி தெரியுதா பாருங்க. நம்ம ஆடிக் காத்துக்கு அரை நாள் தாங்காது."

எதிர்க்கட்சி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார். "அங்கை காத்தே இல்லை அண்ணை."

"காத்து இல்லாத ஊருக்கு எதுக்கு சார் ரெண்டு றெக்க?"

வாத்தியார் இன்னொரு தேநீர் சொன்னார்.

அடுத்த வாரம் கப்பலின் கதவு அவரிடம் மாட்டியது. "ஆள் வந்தா தானா தொறக்குதே, ரத்தம் குடிக்கிற அட்டை வந்தா என்ன செய்வாங்க?" அதற்கடுத்த வாரம் கப்பலில் குண்டு பாய்ந்து பெரிய ஓட்டை. மறுவாரம் ஓட்டையைக் காணோம். தகரண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒட்டு போட்ட தழும்பே இல்ல. எந்த மேஸ்திரி சார் செஞ்சது? சும்மா பெயின்ட் அடிச்சி ஏமாத்துறாங்க."

இந்த விவாதத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. என் வீட்டுக் கூரை. தோட்டத்து ஆபீசில் கேட்டுக் கேட்டு வாங்கிய இரண்டு தகரத்தை அவரிடம் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளைப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர்களை உட்கார வைக்கும் இடத்தில்தான் நாங்கள் வாளி வைத்திருந்தோம். எனக்கோ ஒருவரிடம் இரண்டாம் முறை கேட்க வாய் வராது. கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருமிப் பார்த்தேன். அவர் இருமலுக்கு மருந்து சொன்னார்.

வாத்தியார் ஒருநாள் பொறுமை இழந்தார். "அப்ப நீங்களே ஒண்டு செய்து காட்டுங்கோவன்."

செய்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில், கோழிக்கூடு அளவில், வட்ட ஜன்னல் வெட்டிப் பழைய பஸ் கண்ணாடி பதித்த ஒரு விண்கப்பல் நின்றது. உள்ளே பேப்பர் விரித்து, லயமே திரண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது. பேப்பர் நனையவில்லை.

"இது பறக்காதே அண்ணை."

"மொதல்ல ஒழுகக் கூடாது சார். பறக்கிறதெல்லாம் பொறகு."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கப்பலின் வயிற்றில் ஆபீஸ் முத்திரை தெரிந்தது.

"அண்ணே, அது எங்க வீட்டுத் தகரம்" என்றேன். என் வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவே பேசியது அவ்வளவுதான். "நாளைக்கு மகளைப் பாக்க வர்றாங்க."

தகரண்ணன் என்னைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். "ஏன் தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சுத்தியலை எடுத்தார். பிரபஞ்சத்திலேயே ஒழுகாத ஒரே கப்பலை, செய்தவரே பிரித்தார். வாத்தியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் தகரம் என் கூரையில் ஏறிவிட்டது. வட்ட ஜன்னலை மட்டும் என்ன செய்வது? அதே பஸ் கண்ணாடித் துண்டைத் திரும்ப வைத்துச் சுற்றித் தார் பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பார்த்ததைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார். "எங்க வீட்டுல நாலு எடம் ஒழுகுதுங்க. இது யாரு வேல?" சம்பந்தம் அங்கேயே நிச்சயமானது. தகரண்ணன் வட்டவளைக்குப் போய் அந்த நாலு ஓட்டையையும் அடைத்தார். ஆறு மாதம் கழித்து.

இப்போது அவர் ராகலையில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே எந்தக் கப்பலைத் திட்டுகிறாரோ தெரியவில்லை. வெயில் வரும் நாளில் என் வீட்டுத் தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழும். நான் அதை மிதிப்பதில்லை, சுற்றித்தான் போகிறேன்.