தொலைபேசியில் உறுதி செய்யவும்

சகல சான்றுகளும் வழங்கும் அந்த அலுவலகம் ஒழுங்குக்குப் பெயர் போனது. காது கேளாதவர் என்று சான்று கேட்பவரை மூன்று முறை தொலைபேசியில் அழைப்பார்கள். "ஆமாம், எனக்குக் காது கேட்காது" என்று அவர் தம் வாயால் உறுதி செய்தால் சான்று உண்டு. சான்று கேட்டிருந்த புத்தக பைண்டர் ஒருவரையும் அப்படியே அழைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. "விண்ணப்பதாரர் ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

பைண்டர் புத்தகம் தைத்துத் தைத்து விரல் காய்த்துப்போனவர்; பதினாறு வருடமாகத் தினக்கூலி. வெள்ளிக்கிழமைக்குள் சான்று காட்டினால் அச்சகத்தில் மாற்றுத்திறனாளிக்கான நிரந்தர வேலை, இல்லையென்றால் அது அடுத்தவருக்கு. வியாழக்கிழமை காலையிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

எழுத்தர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்காவிடம்தான் பேசினார்.

"போன் பண்ணா எடுக்க வேண்டாமா?"

"தம்பிக்குக் காது கேக்காதுங்க."

"அதைத்தான் போன்ல சொல்லச் சொல்றோம்!"

அக்கா இதைச் சைகையில் சொன்னதும் பைண்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கைகள் படபடவென்று எதையோ கொட்டித் தீர்த்தன.

"என்னம்மா சொல்றாரு?"

"ஐயா ரொம்பத் தங்கமானவர்ங்கறான்."

எழுத்தருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சரி, மேலிடத்துல கேட்டிருக்கேன். அங்கேருந்து போன் வந்து சரின்னுட்டா, இப்பவே கையெழுத்து."

பிறகு தேநீர் வந்தது. தேநீர் நேரத்தில் அங்கே யாரும் போனை எடுப்பதில்லை, அது பழக்கம். பதினோரு ஊழியர்கள் குடித்தார்கள். வேறு சான்றுகளுக்கு வந்த நாற்பது பேர் பெஞ்சில் கொட்டாவி விட்டார்கள். மணி அடித்தது அக்காவுக்கும் கேட்டது. ஆபீஸ் போன், நமக்கென்ன என்றிருந்தாள்.

பைண்டர் மட்டும் போனில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தார். நின்றது, மறுபடி மினுக்கியது. மூன்றாம் முறை பொறுக்கமாட்டாமல் மேசையைத் தட்டிக் கையைக் காட்டினார்.

எழுத்தர் எழுந்தே விட்டார். "போன் அடிக்கிறது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லைட் எரியுதேங்க!"

"லைட்டா? இருபது வருஷமா இருக்கேன், நான் பார்த்ததே இல்லையே!"

போன் ஓய்ந்தது. கோப்பு திறந்தது. "நேரடிச் சோதனையில், இவ்வறையிலிருந்த ஐம்பத்து மூவரில் மணியோசைக்கு அசைந்தவர் விண்ணப்பதாரர் ஒருவரே. எனவே சான்று மறுக்கப்படுகிறது."

விதி எல்லோருக்கும் பொது. அசையாத மற்ற ஐம்பத்திரண்டு பேருக்கும் காது கேளாதவர் என்று அங்கேயே சான்று அடித்துக் கொடுத்தார்கள். வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை.

"எதுக்காவது ஆகும்டா," என்று தம்பிக்குக் கையால் சொல்லிவிட்டு, அக்காவும் தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.