கினிகத்தேனை வரைக்கும்

உலகத்தில் திருப்பிக் கொடுக்கக்கூடியவை எத்தனையோ உண்டு. இரவல் சேலையைத் திருப்பிக் கொடுக்கலாம். கைமாற்றாக வாங்கிய சீனியைக் கொடுக்கலாம். பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாரின் தாம்பூலத்தைக்கூடத் திருப்பி அனுப்பலாம். சாப்பிட்டு ஏப்பம் விட்ட கோழிக்குழம்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருந்த ஒரு லயத்தின் கோழிகள் பூராவையும் தின்று தீர்த்த பிறகு எனக்கு இந்த ஞானம் வந்தது. அப்போது வயது பத்தொன்பது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சர். (உதவி என்றால், பெரிய வாத்தியார் கண்ணயரும்போது பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது.) கையில் பை, காலில் செருப்பு, தலையில் கனம். அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர், அதிகம் பேசமாட்டார். இந்தியாவில், துறையூருக்கு மேலே பச்சைமலையில் அவருடைய ஊர். சின்னப் பையனாகக் கப்பலேறி வந்துவிட்டார். அவருடைய அக்கா அங்கேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டாள். அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை. ஆனால் போனால் திரும்பி வர விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமில்லாத காலம் அது. திரும்பி வருவதற்கான அனுமதித் தாளுக்குக் கொழும்பில் இருந்த சர்க்கார் கந்தோருக்கு எழுதிப் போட்டுவிட்டு லயத்தில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். அப்பாவும் காத்திருந்தார். எனக்குத்தான் காத்திருக்கத் தெரியவில்லை.

ராமையா கங்காணி வீட்டுக்கு மட்டும் எப்படியோ தாள் கிடைத்து, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்வந்தார்கள். அவர் மகள் புஷ்பம் என் வயதுக்காரி. வந்த மறுநாளே மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவள், குடம் நிறைந்து வழிந்ததையும் பார்க்காமல், புது வளையல் போட்ட கையை ஆட்டி ஆட்டி ஊர்க்கதை சொன்னாள். டீச்சராக இருந்து என்ன, இன்னும் ஊர் மண்ணை மிதிக்கவில்லையே என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாங்களும் சித்திரைக்குப் போறோம். எங்களுக்கும் தாள் வந்திருச்சு" என்றேன்.

பக்கத்தில் ராமையா கங்காணி காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். (வகுப்பில்கூட நான் எதையும் இரண்டு தரம் சொன்னதில்லை.)

அன்று சாயங்காலமே கங்காணி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கோழியடித்துச் சோறு போடுவது எங்கள் லயத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில்தான் முதல் சாப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பீலியடியில் நான் அளந்ததைச் சொன்னேன். அவர் அடுப்புப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். தாள் வரவில்லையே என்று மட்டும் கேட்டார். சித்திரைக்குள் வந்துவிடும் என்று, கந்தோரை நானே நடத்துகிற மாதிரி அடித்துச் சொன்னேன். உண்மையில் நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

முதல் கோழிக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் தப்பித்திருப்போம். அப்பாவுக்கு யார் முகத்தையும் முறிக்கத் தெரியாது. எனக்கோ கோழி பிடிக்கும். ஒவ்வொரு வீடாகச் சாப்பிட்டோம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. நான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சாப்பிட்டேன். காளியம்மா அக்கா வீட்டில் இருந்தது ஒரே ஒரு முட்டைக்கோழி. அதையும் அடித்துவிட்டாள். தொடையை எடுத்து என் தட்டில் வைத்து, "ஒங்களுக்கு வந்திருச்சில்ல, இனி எங்களுக்கும் வந்திரும் புள்ள" என்றாள். நான் அந்தத் தொடையைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு ரசம் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ரசம் தொண்டையில் நிற்கிறது.

பயணத் திட்டம் முழுக்க என் பொறுப்பு. பள்ளிக்கூடக் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து, பச்சைமலைக்கு ஒரு புள்ளி வைத்து, பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தினேன். கிளாக்கர் வீட்டம்மாவிடம் சூட்கேஸ் இரவல் வாங்கினேன். வீட்டுக்கு வீடு தங்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லித் தேயிலைத் தூள் பொட்டலம் கொண்டுவந்தார்கள். ராமையா கங்காணி மட்டும் துறையூரில் இருக்கிற தன் அக்காவுக்கு, பேக்டரியில் கேட்டு வாங்கிய முதல்தரத் தூளை, பெண்சாதியின் பழைய மஞ்சள் சேலையை வெட்டித் தைத்த பையில் போட்டுக் கொடுத்தார். மஞ்சளில் சிவப்புப் பூ. எல்லாம் இருந்தது, தாளைத் தவிர.

சித்திரையும் வந்தது. தோட்டத்துத் துரையிடம் அப்பாவுக்கு லீவும் கிடைத்துவிட்டது. (கேட்டுக் கொடுத்தவர் கங்காணி.) புறப்படுகிற நாள் காலையில் வாசலில் ஒரு கூட்டம். பெட்டியை ஒருவர் தலையில் தூக்கிக்கொண்டார், பொட்டலங்களை இன்னொருவர். அப்பா என் காதருகில் வந்து, இப்போதாவது சொல்லிவிடலாமா என்றார். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். மாலை வேறு கட்டியிருந்தார்கள். இத்தனை கோழிக்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மாமா வீட்டுக்குப் போய்விடலாம், தாள் வந்ததும் அங்கிருந்தே கப்பலுக்குப் போகலாம் என்றேன். இதுவும் என் திட்டம்தான்.

தலவாக்கலை ஸ்டேஷன் வரை வந்து, ரயில் வளைவில் மறையும் வரைக்கும் கை காட்டினார்கள். ஹட்டனில் இறங்கி, மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினோம்.

கினிகத்தேனையில் அம்மாவின் தம்பி மாணிக்கம் மாமா ரோட்டோரமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியாது. மறுநாளே பின்கட்டில் கிளாஸ் கழுவத் தொடங்கிவிட்டார். லயத்துப் பொட்டலங்களைத் தரையில் வைக்க மனமில்லாமல் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். படுத்தால் அவைதான் கண்ணுக்கு நேரே தெரியும்.

புதுவருஷக் கூட்டம். ஒருநாள் காலையில் மாமாவுக்குத் தூள் தீர்ந்துபோனது, பெட்டிக்கடைகள் எல்லாம் பூட்டு. மாமா தலையில் கை வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அப்புறம் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று மஞ்சள் பையைப் பிரித்து மாமா கையில் கொடுத்தேன். தேத்தண்ணி அமோகமாக ஓடியது. ஆட்கள் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

கொழும்புக்குப் போகிற பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அதில் ஒருவர் ராமையா கங்காணி.

சாக்குத் திரை இடுக்கில் அவரைப் பார்த்தவுடனே விறகுக் கட்டுக்குப் பின்னால் விழுந்தேன். மாமாவுக்கு அவரைத் தெரியாது. கங்காணி ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, ரோட்டுக் கடையில் இப்படித் தூளா, எங்கே வாங்கியது என்று விசாரித்தார். மாமா பூரித்துப்போய், மச்சான் தோட்டத்துத் தூள் என்று பையையே எடுத்துக் காட்டினார். கங்காணி அந்த மஞ்சள் பையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, தையலைத் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, கழுவிய கிளாஸ்களோடு அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"அண்ணே, எங்கக்கா சௌக்கியமா?" என்றார் கங்காணி.

அப்பா கிளாஸ்களைக் கீழே வைத்தார். "நாங்க போகல கங்காணி. தாள் வரல. நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலண்ணே. யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும். பீலியில ரெண்டு தரம் என் காதுல விழுந்துச்சு."

விறகுக் கட்டு என்னை மறைக்கும் அளவுக்குப் பெரியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தலையெல்லாம் மரத்தூளோடு எழுந்து வந்து நின்றேன். அவர் திட்டவில்லை. மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"இந்தியா இவ்வளவு கிட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நாங்க வீணா கப்பலேறியிருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மறுநாளே தோட்டத்துக்குத் திரும்பினோம். அப்பா ஒவ்வொரு வாசலாக ஏறிப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பின்னால் கூடையைச் சுமந்துகொண்டு நான் நடந்தேன். எல்லா வீட்டிலும் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். காளியம்மா அக்கா வாசலில் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் பொய் சொன்னேன் என்று அழுதேன். அவள் கோழியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அப்ப, தாள் யாருக்குமே வரலியா?" என்றுதான் கேட்டாள்.

அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அடுத்த தீபாவளி கழிந்து தாள் வந்தது, அப்பாவுக்கு மட்டும். இங்கே பிறந்தவள் என்று என்னுடையதை வேறு மேசைக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்பா தனியாகப் புறப்பட்டார். இந்த முறை யாரும் கோழி அடிக்கவில்லை, போய்ச் சேர்ந்த செய்தி வரட்டும் என்றார்கள். கங்காணி புதுப்பை ஒன்று தைத்து, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடி, என்னைத் தாண்டிப் போய் அப்பா கையில் கொடுத்தார். அப்பா அக்காவைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஊரில் இருந்த நாளெல்லாம் லயத்துக்காரர்கள் முறை வைத்து எனக்குச் சோறு போட்டார்கள். சில வீடுகளில் கோழியும் இருந்தது. அப்போதுதான் அப்பா மாதிரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கப் பழகினேன்.

என் தாள் வரவே இல்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அத்தையை நான் பார்க்காமலே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பயணம் என்று வாயெடுத்தால், "நெசமாவா, கினிகத்தேனை வரைக்குமா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். போன மாதம் பேரன் ஒருவன், பாட்டி இந்தியாவைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"பாத்திருக்காளே. ஹட்டன்ல பஸ் ஏறினா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பார்த்த இந்தியா அது ஒன்றுதான்.