வலது பக்கத்துப் புத்தகங்கள்

"இங்க எட்டு நாற்காலி வருமா, பத்து வருமா மேடம்?"

அளவு நாடாவின் ஒரு முனையை அவள் கையில் திணித்துவிட்டுத்தான் மேனேஜர் கேட்டார். எதற்கென்றே தெரியாமல் அவளும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிக்க வர்றவங்களுக்கா சார்?"

"முடி வெட்டிக்க வர்றவங்களுக்கு. இது இனிமே பியூட்டி பார்லர். வியாழக்கிழமை பழைய பேப்பர்காரர் வண்டியோட வர்றார்."

அவள் கை தானாக விட்டுவிட்டது. நாடா சர்ரென்று சுருண்டு போய் மேனேஜரின் விரலைக் கடித்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாற்பது வருஷம் கடல் கடலாகச் சுற்றிவிட்டு ஓய்வு பெற்ற பயணிகள் கப்பல் அது. இப்போது கரையோரம் கயிறு கட்டி நிறுத்தி, ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். மேல்தளத்தில், வலது பக்கத்தில் நூலகம். நாலாயிரத்து இருநூறு புத்தகங்கள். அலை அடிக்கும்போது அவை பயணிகளின் தலையில் விழக் கூடாது என்று ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி. இரண்டு வருஷமாக அந்தக் கம்பிகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவள் அவள்தான். கப்பலில் எல்லோருக்கும் அவள் 'நூலகத்து அக்கா'.

அந்தப் புத்தகங்களில் கதையைவிடப் பயணிகள்தான் அதிகம் இருந்தார்கள். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுப் போன புண்ணியவான் ஒருவன். ஒரு காதல் கதையின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், 'இங்கே வாந்தி எடுத்தேன். குற்றம் கடலுடையது, கதையுடையதல்ல' என்று நேர்மையாகக் குறித்து வைத்த பெண்மணி ஒருத்தி. இவர்களையெல்லாம் கிலோ கணக்கில் போடுவதா?

வாய் முந்திக்கொண்டது.

"எடுக்கலாம் சார். ஆனா கப்பல் சாஞ்சிடும்."

மேனேஜர் விரலை உறிஞ்சுவதை நிறுத்தினார். "என்னது?"

"கப்பல் கட்டினவங்க இந்த எடையையும் கணக்குல வெச்சுத்தான் கட்டியிருக்காங்க. வலது பக்கம் புத்தகம் இருக்கிறதாலதான் இது நேரா நிக்குது. இல்லேன்னா இந்த அலமாரியை ஏன் சார் தரையோட சேர்த்து முடுக்கி வெக்கணும்?"

மேனேஜர் அலமாரியைப் பார்த்தார். முடுக்கித்தான் இருந்தது. வட்ட ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அலமாரியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை சொன்னீங்க மேடம்" என்றார் மெல்லிய குரலில்.

அன்று மாலை வீட்டில் அவள் சிரித்த சிரிப்பில் கணவருக்குப் புரையேறிவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர்.

"ஏம்மா, உன் புத்தகம் எல்லாம் சேர்ந்து ரெண்டு டன் வருமா? கப்பல் இருபதாயிரம் டன். யானை முதுகுல எறும்பு இடம் மாறி உக்காந்த மாதிரி இருக்கும்."

"யானை பயப்பட வேண்டாங்க. பாகன் பயந்தா போதும்."

பாகன் பயந்துதான் போனார். மறுநாள் காலையில் மேனேஜர் கோட்டுக்கு மேலே ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் சமையலறைத் தராசு.

"இனிமே ஒரு புத்தகம் வெளிய போனா, அதே எடைக்கு இன்னொண்ணு உள்ள வரணும் மேடம். விருந்தாளிங்க உயிர் நம்ம கையில இருக்கு."

தான் விதைத்ததுதானே என்று அவளும் தராசை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். குண்டு நாவல் கேட்டு வந்த ஒரு கனவானிடம் ஈடாக ஏதாவது கேட்க, அவர் தன் இரண்டு பூட்ஸ்களையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போனார். மெல்லிய கவிதைப் புத்தகம் எடுத்த பெண் கைக்கடிகாரத்தை வைத்துவிட்டுப் போய், கவிதையின் நடுவில் மணி பார்க்க மூன்று முறை வந்தாள்.

மத்தியானம் சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார்.

"அக்கா, என் தராசைக் கொடுத்துடுங்க. மாவைக் கண்ணால அளந்து போட்டு, கேக் கல்லு மாதிரி வந்திருக்கு."

"அதையும் இங்க கொண்டுவந்து வெச்சிடுங்க மாஸ்டர். எடைக்கு ஆகும்."

"கிண்டலா? நானே பயத்துல இருக்கேன். இன்னிக்கு சூப் ஊத்தினேன். கிண்ணத்துல வலது பக்கமா ஒதுங்கி நிக்குது."

"சூப்பா?"

"என் கண்ணால பார்த்தேன்!"

அதற்குப் பிறகு அந்தச் சாய்வு யாருக்குத்தான் தெரியவில்லை! சலவைக்காரருக்கு, காயப்போட்ட துணிகள் ஒரே பக்கமாகத் தொங்கின. முப்பத்தொன்றாம் அறை அம்மாளுக்குத் தலை சுற்றியது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். சாயுதுன்னு கேள்விப்பட்டதும்தான் சுத்த ஆரம்பிச்சுது" என்று அவர் மருத்துவரிடம் சொல்ல, மருத்துவர் இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த நூலகத்து அக்காவுக்கே ஒரு கணம் வகிடு கோணலாகத் தெரிந்தது. 'சீ, நாமதானே சொன்னோம்' என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மேனேஜர் மாஸ்டரையும் சூப் கிண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், சூப் எந்தப் பக்கம் போகுது?"

"வலது பக்கம்னு மாஸ்டர் சொல்றார்."

"புத்தகம் எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது.

"எடை கூடிப்போச்சு மேடம். பாதியை இடது பக்கம் மாத்திட்டா நேராயிடும். நீங்க சொன்ன விஞ்ஞானம்தான்."

சூப் சாயவில்லை என்று சொல்லலாம். சொன்னால், கப்பலும் சாயாது என்று ஆகிவிடும். சாய்கிறது என்று ஒப்புக்கொண்டால் பாதிப் புத்தகம் போகும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாதி போனாலும் மீதி தங்குமே என்று தலையாட்டினாள்.

இரண்டாயிரத்து நூறு புத்தகங்களையும் அவளே சுமந்தாள். வேறு யாராவது தொட்டால் அட்டை கிழியும் என்ற பயம் அவளுக்கு. இடது பக்கத்துத் தாழ்வாரத்தில் பயண நூல்கள். இடது பக்கத்து அறைகளில் தலைக்குப் பத்து நாவல்கள். வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்தவளின் முதுகில் கணவர் தைலம் தேய்த்துவிட்டார்.

"உன் பொய்க்கு நீயே மூட்டை தூக்கறியே. போய் உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா வியாழக்கிழமை வண்டி வரும். சும்மா தேய்ங்க."

"எறும்பு பாவம்" என்றார் அவர். தைலக் கையாலேயே அவருக்கு ஒரு அடி விழுந்தது.

வியாழக்கிழமை பேப்பர்காரர் வரவில்லை. மேனேஜரே தடுத்துவிட்டாராம். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் மேனேஜரின் மேஜையில் பென்சில் இடது பக்கமாக உருண்டுவிட்டது.

"இப்ப அந்தப் பக்கம் இழுக்குது மேடம்! சமையலறையும் அங்கதானே இருக்கு, அதை நாம மறந்துட்டோம்!" மேனேஜர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே இடத்துல வெச்சாத்தான் ஆபத்து. கப்பல் முழுக்கப் பரவலா வெச்சா ஒண்ணும் ஆகாது. இல்லையா?"

இல்லை என்று சொல்ல அவளிடம் விஞ்ஞானம் எதுவும் மிச்சமில்லை.

பரவின புத்தகங்கள். சட்ட நூல்கள் நீராவிக் குளியல் அறைக்குப் போய் இரண்டே நாளில் பணியாரம் போல உப்பின. அகராதிகள் சலவை அறையில் இஸ்திரிக்கு முட்டுக்கொடுத்தன. சமையல் புத்தகங்கள் சமையலறைக்குப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் மாஸ்டர் அவற்றின்மேல் சுடச்சுடப் பானையை இறக்கி வைத்தார்.

"மாஸ்டர், அதைத் திறந்துதான் பாருங்களேன்!"

"பார்த்தேன் அக்கா. கேக் பக்கத்துல எவனோ 'வேண்டாம்'னு எழுதி வெச்சிருக்கான்."

நூலகத்தில் கடைசியாக முப்பத்தெட்டுப் புத்தகங்கள் மிஞ்சின. அந்த வெற்று அலமாரிகளுக்கு முன்னால் நின்று மேனேஜர் மார்பில் கை வைத்தார்.

"ஐயையோ மேடம். இந்த இடம் இப்ப லேசாயிடுச்சே!"

"அப்ப புத்தகத்தையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துடலாம் சார்" என்றாள் அவள், முதுகு வலியையும் மறந்து.

"மறுபடியும் ஆட்டம் காட்டவா? புத்தகம் நடமாடுற சாமான் மேடம். யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க. நமக்கு இங்க அசையாத எடைதான் வேணும். தரையோட முடுக்கினது." அவர் வருத்தத்தோடு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். "பியூட்டி பார்லர் நாற்காலி ஒண்ணு எழுபது கிலோவாம். எனக்கு மனசே இல்லை. ஆனா கப்பல் முக்கியமில்லையா?"

பத்து நாற்காலி வந்தது. எட்டு வருமா பத்து வருமா என்ற அவருடைய பழைய சந்தேகம் தீர்ந்தது. தலை கழுவும் தொட்டிகள், ஆளுயரக் கண்ணாடிகள், எல்லாமே எடைக்காக. ஊழியர்களும் விருந்தாளிகளும் கூடிய கூட்டத்தில் மேனேஜர் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"இந்தக் கப்பல் இன்னிக்கு நேரா நிக்குதுன்னா அதுக்கு மேடம்தான் காரணம். அவங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலேன்னா..."

எல்லோரும் கை தட்டினார்கள். முப்பத்தொன்றாம் அறை அம்மாள் தலை சுற்றல் நின்றுவிட்டது என்று எழுந்து நின்று சாட்சி சொன்னார். மேனேஜர் பூங்கொத்து கொடுத்தார். கூடவே புது வேலைக்கான உத்தரவும்: பார்லர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டுப் புத்தகங்களும், முடி காயும் வரை புரட்டுவதற்கு, அவள் மேஜையில்.

முதல் நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது. இந்த மனுஷனை ஒரு தடவை ஏமாற்ற முடிந்ததென்றால் இன்னொரு தடவை ஏன் முடியாது? நாற்காலிகளின் எடை தாங்காமல் கப்பல் வலது பக்கம் கவிழப் பார்க்கிறது என்று ஒரு வார்த்தை போதும். பயந்தாங்கொள்ளி, ஒரே மணி நேரத்தில் நாற்காலிகளைக் கழற்றச் சொல்லி, புத்தகங்களைக் கூப்பிட்டுவிடுவார். ஆனால் இந்தத் தடவை அவள் சொல்லக் கூடாது. வெளிப்புறத்தைப் பார்க்கிற ஒருவர் சொல்ல வேண்டும்.

வட்ட ஜன்னலுக்கு வெளியே, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து பெயிண்டர் கப்பலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கப்பல் இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து வருஷத்துக்கொரு முறை அடிக்கிறவர். அவள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி. மேனேஜர் சார்கிட்ட, 'கப்பல் வலது பக்கம் ஒரு அடி இறங்கியிருக்கு'ன்னு மட்டும் சொல்லணும். மீதியை நான் பார்த்துக்கறேன். அவர் உடனே நம்பிடுவார், பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

பெயிண்டர் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பலகையே ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அவருக்கா தெரியாது? நாலு வருஷம் முன்னாடி இந்தக் கப்பலுக்கு அடியில லாரி லாரியா கான்கிரீட் கொட்டி உக்கார வெச்சப்போ, 'இனிமே இது ஒரு இம்மி அசையக் கூடாது'ன்னு பக்கத்துலயே குடை பிடிச்சு நின்னு வேலை வாங்கினதே உங்க மேனேஜர்தானேம்மா!"