ஒரு லைனும் மூன்று காவல்காரரும்

ரிசீவரைக் காதில் வைத்த குணமணி, வைத்த வேகத்திலேயே அதைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தாள். கொதிக்கிற எண்ணெயில் ஒரு பிடி கடுகையும் ஒரு பூனையையும் ஒன்றாகப் போட்டால் வரக்கூடிய சத்தம் உள்ளே இருந்து வந்தது.

“இஞ்சருங்கோ! திரும்பவும் போனுக்குள்ள பேய் கத்துது!”

“வையும்! கீழை வையும்!” என்று முன்னறையிலிருந்து கனகரத்தினம் அலறினார். “தூக்காதேயும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? பாரும், அறுந்து போச்சு! முக்கால்வாசி இறங்கியிருந்தது!”

“என்ன இறங்கினது?”

“அன்டிவைரஸ். கொம்பியூட்டருக்குள்ள பூந்த கள்ளனைப் பிடிக்கிற சாமான். இன்டர்நெட்டில சும்மா குடுக்கிறாங்கள். இலவசம்!”

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய மீசை இரண்டு பக்கமும் தானாக உயர்ந்தது. தெமோதரை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மலையைச் சுற்றி வரும் ரயில் திரும்பத் தன் வயிற்றுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகிற அந்த ஸ்டேஷனை முப்பது வருடம் நடத்தியவருக்கு உலகத்தில் வேறெந்தச் சிக்கலும் ஒரு சிக்கலாகத் தெரியாது. இலவச ரயில் பாஸ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தவருக்கு, காசு கொடுத்து வாங்கும் எதிலும் நம்பிக்கையும் கிடையாது.

“அவையின்ர கோல் வர நேரம், நீங்கள் கள்ளன் பிடிக்கிறியளோ?” என்று குணமணி ரிசீவரை அறைந்து வைத்தாள்.

‘அவை’ என்றால் மாப்பிள்ளை வீட்டார்.

கனகரத்தினத்தின் ஒரே மகள் கேசினி, பதுளையில் கணித ஆசிரியை. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் பிழையான விடைகளைப் போலச் சிவப்புப் பேனையால் வெட்டித் தள்ளியவள். அப்படிப்பட்டவள் பண்டாரவளையில் வங்கி வேலை பார்க்கும் தனேஸ்வரனைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை” என்றாள். கேசினியின் வாயிலிருந்து வரும் ‘பரவாயில்லை’, மற்றப் பெண்கள் மூர்ச்சை போட்டு விழுவதற்குச் சமம். குணமணி அன்றைக்கே பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்துவிட்டாள்.

கெடுத்தது கொம்பியூட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பமாக வந்திருந்தபோது, “எங்கட வீட்டில கொம்பியூட்டரும் இருக்கு” என்று கனகரத்தினம் பெருமையோடு அதைத் திறந்து காட்டினார். முதலில் நல்லூர் முருகன் படம் வந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் முருகனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி குதித்தாள். அவளுடைய ஊரில் துணிக்குக் கடும் பஞ்சம் போலும். ஒருத்தியை மூடினால் இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தைக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் தட்டித்தான் எடுத்தார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள போனில சொல்லுறம்” என்று போய்விட்டார்கள். ஹப்புத்தளையில் அவர்கள் வீட்டு டெலிபோன் கம்பம் மண்சரிவோடு போய்விட்டதால், பெரகலச் சந்திக்கு இறங்கி, அங்கே இருக்கும் கொமினிகேஷன் கடையிலிருந்துதான் கோல் எடுக்க வேண்டும்.

“இந்தச் சனியனைத் தூக்கி ஆத்தில போடுங்கோ” என்றாள் குணமணி.

“விசர்க் கதை கதையாதேயும். அவை திரும்பி வரேக்கை இந்தக் கொம்பியூட்டர் கங்கையில முழுகின மாதிரிச் சுத்தமா இருக்கவேணும். நான் ஆருக்காகச் செய்யிறன்? பிள்ளைக்காகத்தானே!”

செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்த அன்டிவைரஸை, கள்ளன் பிடிக்கிற முதலாவது காவல்காரனை, இறக்கினார். டெலிபோன் கம்பி வழியாக அது எறும்பு சீனி சுமப்பது போல வந்து சேர்ந்தது. வந்ததும் வேலையைத் தொடங்கி, பிடித்த வைரஸ்களின் தொகையைக் காட்டியது. கனகரத்தினம் மலைத்துப் போய் வேலிக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் கணபதி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து இளைப்பாறியவர்.

“கணபதி! ஆயிரத்துக்கு மேல பிடிச்சிட்டன்!”

“அம்புட்டா! எங்க தோட்டத்துல காலைப் பெரட்டுல ஆள் எண்ணுறப்பகூட அம்புட்டுப் பேரு வரமாட்டாங்களே, மாஸ்டர்!” கணபதி தாடையைத் தடவினார். “ஆனா ஒண்ணு சொல்றேங்க. ஒத்த வாச்சர்னா தூங்கிப்புடுவான். எங்க தேயிலை ஸ்டோருக்கு எப்பவும் ரெண்டு பேரு. ஒருத்தன் தூங்குனா மத்தவன் எழுப்புவான்.”

“ரெண்டு பேரும் தூங்கினால்?”

“அப்ப தொரை வந்து எழுப்புவாருங்க.”

யோசனை கனகரத்தினத்துக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டாவதும் இலவசம்தானே! புதன்கிழமை விடியக் கம்பியைக் கொழுவியவர், மத்தியானம் வரை டெலிபோனுக்குப் பக்கத்தில் ஈயைக் கூட விடவில்லை. இரண்டாவது காவல்காரன் உள்ளே வந்து சேர்ந்தான். வந்தவன் முதல் வேலையாக முதலாவது காவல்காரனைப் பார்த்து, “கள்ளன்!” என்றான். முதலாவது காவல்காரனும் அதே நேரத்தில் அவனைப் பார்த்து, “நீதான் கள்ளன்!” என்றான். இரண்டு பேரும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றதில் கொம்பியூட்டர் கல்லாய்ச் சமைந்துவிட்டது. எலியை ஆட்டினாலும் அசைவில்லை. ‘வேலை முடியும் வரை நிறுத்த வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. கனகரத்தினம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நிறுத்தவில்லை. கொம்பியூட்டரைக் கம்பியோடு இணைக்கிற மோடம் பச்சை வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு டெலிபோன் லைனைக் கெட்டியாகப் பிடித்தபடி இருந்தது.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த கேசினி குடையைக் கூட மடக்கவில்லை.

“அப்பா, ஸ்கூலில இருந்து எத்தினை தரம் எடுத்தன். ஒரே எங்கேஜ். நானே எடுத்துக் கிடைக்கேல்லை எண்டால், அவைக்கு எப்பிடிக் கிடைக்கும்?”

“விருப்பமெண்டால் திரும்பத் திரும்ப எடுப்பினம், பிள்ளை.”

“முப்பது வருசமா ‘ஒரு லைனில ஒரு ரயில்தான்’ எண்டு எங்களுக்குப் பாடம் எடுத்த மனுசன்,” என்று குணமணி சமையலறையிலிருந்து சொன்னாள். “இப்ப பாருங்கோ, ரெண்டு எஞ்சினை மூக்கோட மூக்கு முட்ட விட்டிட்டு நிக்கிறார்.”

“நாங்கள் அவற்ற பாங்குக்கு ஒருக்கா எடுத்துக் கேட்டால் என்னம்மா?”

“ஐயோ, வாயை மூடு! பொம்பிளைப் பகுதி முந்திக்கொண்டு எடுக்கிறதோ? நாங்கள் என்ன, விலைப்படாமல் கிடக்கிறமோ?”

அதோடு அந்த வழியும் அடைபட்டது. இனி அவர்கள் எடுக்க வேண்டும். இவர்கள் காத்திருக்க வேண்டும்.

கனகரத்தினம் தளரவில்லை. இரண்டு பேர் சண்டை பிடித்தால் விலக்குப் பிடிக்க மூன்றாவது ஆள் வேண்டும் என்பது உலக நியாயம். வியாழக்கிழமை கரண்ட் ஒருமுறை போய் வந்து கொம்பியூட்டர் உயிர்த்ததும், மூன்றாவது வந்து இறங்கியது. அது வாயுள்ள பிள்ளை. ஒரு வைரஸைக் கண்டதும் தீயணைப்பு வண்டி போல ஊளையிட்டது. ஊளை முடிந்ததும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அழகாக எச்சரித்தது. முதல் ஊளைக்கு நமுனுகுலை மலையே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கணபதி இரண்டு வாளி தண்ணீரோடு வேலியைத் தாண்டி வந்து, ஒரு வாளியை நிதானமில்லாமல் குணமணியின் மேல் ஊற்றிவிட்டார்.

“எங்கம்மா பத்துது?”

“என்ர வயித்திலதான்!” என்றாள் குணமணி, சொட்டச் சொட்ட.

அன்று கேசினி தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். வகுப்பில் கடைசி வாங்குப் பையன்களைப் பார்க்கிற பார்வை.

“அப்பா, ஒண்டில் கொம்பியூட்டர், இல்லாட்டி போன். ரெண்டிலை ஒண்டு.”

“ஏன் ஒண்டு? ரெண்டும் ஓடும்! தெமோதரைக்கு எதிரும் புதிருமா ரெண்டு ரயில் வந்தால் என்ன செய்தனான்? ஒண்டைப் பக்கத்து லூப் லைனில ஒதுக்கிப் போட்டன். மற்றது போச்சுது. அதே கணக்குத்தான்.”

சவரப் பிளேட்டை எடுத்தார். சுவரோரம் ஓடிய டெலிபோன் வயரை வெட்டினார். பழைய இஸ்திரிப் பெட்டி வயரில் ஒரு துண்டை இடையில் முறுக்கினார். கறுப்புச் சுற்றுநாடாவால் கட்டினார். எழும்பி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இப்ப தூக்கிப் பார்!” என்றார்.

கேசினி தூக்கினாள். கடுகும் இல்லை, பூனையும் இல்லை. சுடலை போல அமைதி.

கணபதி வீட்டிலிருந்து தங்கள் நம்பரை எடுத்துப் பார்த்தார்கள். எங்கேஜ் சத்தம். கொம்பியூட்டரை நிறுத்தினாலும் எங்கேஜ். ரிசீவரை வைத்தாலும் எங்கேஜ். முறுக்கியதைப் பிரித்தால் இன்னும் உறுதியான எங்கேஜ். டெலிபோன் கந்தோரில் முறையிட்டபோது, திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பொழுது சாயும்வரை மூன்று பேரும் அந்தக் கறுப்பு டெலிபோனைச் சுற்றி, நோயாளியைச் சுற்றி இருப்பது போல இருந்தார்கள். கனகரத்தினம் மகளின் முகத்தை மெல்லப் பார்த்தார்.

“பிள்ளை...”

“பரவாயில்லை, அப்பா” என்றாள் கேசினி.

அந்தப் ‘பரவாயில்லை’ வேறு. அது நேரே போய் அவர் நெஞ்சில் குத்தியது.

சனிக்கிழமை காலை கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். “நான் ஹப்புத்தளைக்குப் போறன். பொம்பிளைப் பகுதி எண்டாலும் சரி, விலை குறைஞ்சாலும் சரி. காலில விழுந்தெண்டாலும் கேட்டுக்கொண்டு வாறன்.”

குணமணி தடுக்கவில்லை. அவர் படியில் கால் வைக்கவும், வாசலில் ஒரு வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முன் கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கியது பெரியத்தை. பின்னால் மாப்பிள்ளையின் தகப்பனார். அவருக்கும் பின்னால், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு தனேஸ்வரன்.

கனகரத்தினம் உள்ளே பாய்ந்து, கட்டில் விரிப்பை இழுத்துக் கொம்பியூட்டரின் தலையில் போட்டார். போட்ட அவசரத்தில் கை எங்கேயோ பட்டு அது உயிர்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

பெரியத்தை கதிரையில் முழுதாக இருக்கக்கூட இல்லை. “நாலு நாள்!” என்றாள். “செவ்வாய் தொடக்கம் நேற்று வரைக்கும் எடுக்கிறம். காலமை எடுத்தாலும் எங்கேஜ், பின்னேரம் எடுத்தாலும் எங்கேஜ்!”

“அது வந்து, அக்கா...” கனகரத்தினம் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

அந்த நேரம் பார்த்து விரிப்புக்கு அடியில் ஊளை கிளம்பியது. தொடர்ந்து அந்தப் பெண் குரல், அச்சுப் பிசகாத ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

பெரியத்தையின் கண்கள் அகன்றன. “ஆர் அது, உள்ளுக்கு இங்கிலீசில கதைக்கிறது?”

குணமணி உண்மையைச் சொன்னாள். “ஒவ்வொரு நாளும் உதே கரைச்சல்தான் அக்கா. எங்களுக்குத் தலையிடி.”

பெரியத்தை, மாப்பிள்ளையின் தகப்பனாரான தன் தம்பியின் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னனானே! லண்டன் பகுதி! நாங்கள் யோசிச்சுக்கொண்டு இருக்க, வெளிநாட்டுக்காரர் கொத்திக்கொண்டு போகப் போறாங்கள்!” பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, குரலை இறக்கினாள். “தங்கச்சி, சுத்தி வளைக்கேல்லை. நாள் முழுக்க லைன் எங்கேஜ் எண்டால் எத்தினை பேர் போட்டி போடுகினம் எண்டு எங்களுக்கு விளங்காதே? எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். பிள்ளையை மட்டும் தாங்கோ. ஆவணியில நாள் வைப்பம்.”

சமையலறையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. கேசினியின் கையிலிருந்து விழுந்த முதல் கோப்பை அது. தனேஸ்வரன், “நான் போய்ப் பாக்கட்டுமே?” என்று எழும்பினான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கனகரத்தினத்தின் மீசை மெல்ல மெல்லப் பழைய உயரத்துக்கு ஏறியது. உள்ளே பெண்கள் நாள் பார்க்கத் தொடங்கியதும், வெளியே நின்ற வான்காரனுக்குத் தானே ஒரு பிளேன்டீ எடுத்துக்கொண்டு போனார். பெயர் றஹீம். பெரகலச் சந்தியில் அந்தக் கொமினிகேஷன் கடையும் அவனுடையதுதான்.

“பாத்தீரே றஹீம்? ஒரு குடும்பத்தின்ர தரம் போனிலயே தெரிஞ்சிடும். பாவம், லைன் கிடைக்காமல் நாலு நாளும் என்னமாத் தவிச்சிருப்பினம்!”

“தவிச்சாங்கதான் சேர். நான்தானே நம்பர் அடிச்சுக் குடுத்தேன்.” றஹீம் தேநீரை ஊதி ஒரு மிடறு குடித்தான். “செவ்வாக்கிழம மட்டும் லைன் கிடைச்சிருந்தா, பொண்ணு வேணாம்னு சொல்லிட்டு அன்னைக்கே நிம்மதியாப் போயிருப்பாங்க.”