தண்ணீர் எஞ்சின் பங்கு

"தண்ணியும் இல்ல, கிண்ணியும் இல்லங்க! எஞ்சினுக்கு அடியில மண்ணெண்ணெய் டின்னை ஒளிச்சு வச்சிருக்கானுங்க!"

லொறி டிரைவர் முத்துலிங்கம் இப்படிப் போட்டு உடைத்ததும், தோட்டத்துக் கிளாக்கர் பத்திநாதனுக்குக் குடித்த தேநீர் புரையேறியது. ஏறாதா பின்னே? மகாராணி இலங்கைக்கு வந்துபோன வருஷத்தில் கிளம்பிய தண்ணீர் எஞ்சின் கம்பனி அது. இனி லொறிக்கும் தேயிலை ஸ்டோர் மெஷினுக்கும் எண்ணெயே வேண்டாம், தண்ணீர் போதும் என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதை நம்பிப் பத்திநாதன் சேமிப்பையெல்லாம் போட்டுப் பங்கு வாங்கி, டிரங்குப் பெட்டியில் ஒளித்துவைத்திருந்தார். பெயர் எழுதாத பத்திரம்; எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் பங்காளி. பெண்டாட்டி சிசிலியிடம்கூட மூச்சு விடவில்லை.

அக்கரப்பத்தனைக் கடைவீதியில், ஆண்டியப்பன் முதலாளியின் தேநீர்க்கடையில் அட்டன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார் பத்திநாதன். மகள் பெற்றீசியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாணம். தாலிக்கொடி வாங்கிவரச் சொல்லிச் சிசிலி காலையில் கொடுத்த பணம் கோட்டுப் பையில் இருந்தது.

கதை ஊரெல்லாம் பரவுமுன் பத்திரத்தைக் கைமாற்றிவிட வேண்டும். பக்கத்தில் பழனியாண்டி கங்காணி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். காசுள்ள ஆள்.

"சும்மா புளுகாத முத்துலிங்கம்! நுவரெலியாவுல நானே பாத்தேன். ஒரு வாளித் தண்ணி ஊத்துனாங்க, எஞ்சின் என்னமா உறுமுச்சு!"

பத்திநாதன் பார்த்தது நோட்டீஸில் இருந்த படத்தைத்தான்.

"ஒங்ககிட்ட பங்கு இருக்குங்களா, கிளாக்கரய்யா?" என்றார் கங்காணி.

"இருக்கு. நீங்க கேட்டா குடுக்கலாம்."

"அம்புட்டு நல்ல எஞ்சின்னா, நீங்க ஏங்க குடுக்கிறீங்க?"

அந்தக் குளிரிலும் பத்திநாதனுக்கு வேர்த்துவிட்டது.

"சேச்சே, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்! கெடைச்சா இன்னும் வாங்குவேன்ல?"

"அப்படிங்களா?" ஆண்டியப்பன் கல்லாவை விட்டே எழுந்து வந்தார். "எங்கிட்ட ஒண்ணு இருக்குங்கய்யா. ஒங்களுக்குன்னா தாறேன். காசு மட்டும் இப்பவே வேணும்."

வகையாக மாட்டிக்கொண்டார் பத்திநாதன். வேண்டாம் என்றால் சாயம் வெளுத்துவிடும். வாங்கினால் கங்காணி நம்புவார். இரண்டுக்கும் அவரிடமே காசை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்; பெட்டியில் இருப்பதை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். கர்த்தரே என்று தாலிப் பணத்தை நீட்டினார். மடித்த பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் செருகினார்.

"இப்ப சொல்லுங்க கங்காணி. ஒண்ணு போதுமா, ரெண்டும் வேணுமா?"

"நீங்களே ஆசைப்பட்டு வாங்குறீங்க. குறுக்க நிக்கிறது பாவங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கங்காணி நடையைக் கட்டினார். முத்துலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெறுங்கையோடு வீடு திரும்பிய பத்திநாதன், சிசிலி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். அழுகை வந்தது.

"புள்ளைய வெறுங்கழுத்தோட நிக்க வச்சிட்டேன், சிசிலி! இந்தா, ஆண்டியப்பன் குடுத்த பத்திரம். பெட்டியில நம்ம பத்திரமும் இருக்கு. ரெண்டையும் எப்பிடியாச்சும் வித்து..."

சிசிலி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுசா, பெட்டியில கெடந்ததைத்தானே நேத்து நானு ஆண்டியப்பன் தலையில கட்டி, அந்தக் காசைக் காலையில ஒங்க கையில குடுத்தேன்!"